கண்ணாடி விழுங்கும் ஒளி

பெங்களூரு மல்லேஸ்வரம் சம்பிகே சாலையில் சுட்டுத் தரும் மக்காச்சோளம் விளைந்த வயலில், களைக்கொல்லி மிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைக் காட்டிக்கொடுப்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான்: புறஊதா ஒளி. மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லி இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும்.

வயல் மண்ணை மெத்தனாலில் குலுக்கி, வடிகட்டி, விரல் அகலமே உள்ள சிறு குப்பியில் ஊற்றுகிறார்கள். சாதாரணக் கண்ணாடிக் குப்பி உதவாது. புறஊதா ஒளியைக் கண்ணாடியே விழுங்கிவிடும். அதனால் குவார்ட்ஸ் குப்பி. உள்ளே போன ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் மண்ணில் மக்கிய இலைதழையின் பழுப்புச் சாறும் இதே ஒளியை உறிஞ்சும். எனவே அலுமினாத் தூள் அடைத்த குழாய் வழியே வடிகட்டிய கரைசலை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். கிடைக்கும் அளவை நம்பலாமா என்பது இந்தப் பொறுமையான வேலையில்தான் இருக்கிறது.

மல்லேஸ்வரத்துக்கு வடக்கே, ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் களைக்கொல்லி எச்ச ஆய்வுகள் நடக்கின்றன. மிக நுண்ணிய அளவைக் கண்டறிய இன்று குரோமடோகிராபி கருவி மருந்தைத் தனியே பிரிக்கிறது. அத்தகைய பல கருவிகளின் கடைசி முனையில் காவல் நிற்பதும் இதே புறஊதா ஒளிதான்.