அட்டையா, ஏடா?

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தை உங்கள் மகனோ மகளோ கல்லூரியில் படித்திருக்கக்கூடும். 1597-இல் முதன்முதலாக அச்சேறிய இத்துன்பியல் நாடகத்தை வெறும் காதற்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெண்ணுக்கு மணம் பேசும் ஒரு வீட்டின் கதையும் அதனுள் அடங்கியிருக்கிறது. அழகைப் பற்றி அங்கே பேசப்படும் உருவகங்களே அதனைத் திறக்கும் திறவுகோல்.

இத்தாலியின் வெரோனா நகரம். கபுலெட் குடும்பத்து மகள் ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. பாரிஸ் என்னும் பிரபு அவளைப் பெண் கேட்கிறான். இரவு விருந்தில் அவனைப் பார்க்குமாறு மகளிடம் கூறும் தாய், அவன் முகத்தை ஒரு நூலாக உருவகிக்கிறாள். அழகே எழுதுகோல் ஏந்தி எழுதிய நூலாம் அது! முகத்தில் விளங்காததை, ஏட்டின் ஓரக்குறிப்பைப் படிப்பதுபோல் அவன் கண்களில் படித்தறியலாமாம். அந்நூலுக்குள்ள ஒரே குறை, அட்டை இல்லாமையே. அந்த அட்டையாக வேண்டியவள் ஜூலியட்!

அக்கால வழக்கத்தை அறிந்தால் இவ்வுருவகம் நன்கு விளங்கும். அந்நாளில் நூல்கள் பெரும்பாலும் அட்டை கட்டப்படாமலேயே விற்கப்பட்டன. வாங்கியவர் தம் வசதிக்கேற்ப அட்டை கட்டிக்கொள்வார்.

சற்றே சிந்தியுங்கள். எழுதிய ஏடுகள் அனைத்தும் மணமகனுக்கு. மகளுக்கோ அட்டையாகும் பேறு மட்டுமே. அவன் அழகும் உடைமையும் பேசப்படுகின்றன, குணம் பேசப்படவில்லை.

ரோமியோவும் கண்ணால் மட்டுமே அளக்கிறான். முன்னர் வேறொருத்திக்காக ஏங்கியவன், ஜூலியட்டைக் கண்டதும் அவளைக் கிழக்கில் எழும் கதிரவன் என்கிறான். நிலவின்மீது ஆணையிட முற்படும் அவனை அவளே தடுக்கிறாள். மாதந்தோறும் உருமாறும் நிலவைப்போல் அவன் அன்பும் மாறிவிடக்கூடாதே என்பது அவள் அச்சம்.

மறுநாளே இருவரும் மறைவாக மணம் புரிகின்றனர். அன்றே ரோமியோ அவளுடைய மாமன் மகன் டிபால்ட்டைக் கொன்றுவிடுகிறான். செய்தி கேட்டுத் துடிக்கும் ஜூலியட்டின் வாயில் தாயின் அதே உருவகம் திரும்பி வருகிறது: இத்தனை அழகிய அட்டைக்குள் இத்தனை இழிந்த நூலா? விரைவிலேயே கணவன் பக்கம் மனம் திரும்பினாலும், அக்கேள்வி நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

தந்தையின் நிலையோ இன்னும் வேதனைக்குரியது. இரண்டு கோடைகள் கழியட்டும், மகளின் சம்மதமும் வேண்டும் என்று முதலில் பாரிஸிடம் கூறியவர் அவர். பின்னர் அவரே அவளைக் கேளாமல் வியாழக்கிழமை மணநாள் என்று குறிக்கிறார். மறுத்த மகளை வீட்டைவிட்டுத் துரத்துவதாக மிரட்டுகிறார். தாயும் கைவிடுகிறாள். தன் மறைமணத்தைச் சொல்ல அவளுக்குப் பெற்றோரிடம் ஒரு செவி இல்லை. முடிவில் பாரிஸ், ரோமியோ, ஜூலியட் மூவரும் கல்லறையில் பிணமாகின்றனர்.

பெற்றோரே, சம்பந்தம் பேசும்போது அழகையும் வசதியையும் பாருங்கள், தவறில்லை. ஆனால் அட்டையோடு நின்றுவிடாமல் ஏட்டையும் புரட்டுங்கள். உங்கள் மகளும் ஒரு நூலே. அவள் மனத்தில் எழுதியிருப்பதை, நாள் குறிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.