சூடேறினால் நின்றுபோகும் பழைய கணினி: ஆபத்தும் உங்கள் உரிமையும்

கொமடோர் 64, ஆப்பிள் 2, சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற பழைய வீட்டுக் கணினிகள் இன்று கடைகளிலும் இணையச் சந்தையிலும் விலைபோகின்றன. வாங்கிவந்து போட்டால் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திரையில் எழுத்து சிதறும், விசைகளை அழுத்தினாலும் பலன் இருக்காது. அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும். இது பெரும்பாலும் சூட்டினால் வரும் கோளாறு. இந்த மூன்று கணினிகளிலும் விசிறி கிடையாது. மலேசியாவின் லிங்கி வட்டாரத் தோட்டங்களில் தகரக் கூரையின்கீழ் நண்பகல் வெக்கையும், ஆண்டு முழுக்க நீங்காத காற்றின் ஈரமும் சேர்ந்து இவற்றைச் சீக்கிரமே பழுதாக்கிவிடும்.

முதல் ஆபத்து பவர் சப்ளை

கொமடோர் 64-உடன் வந்த பவர் சப்ளைகள் பலவற்றின் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதனால் சூடு வெளியேற வழியில்லை. அது கெட்டால் 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் கூடுதல் வோல்ட் பாய்ந்து நினைவகச் சிப்புகளைக் கருக்கிவிடும். ஆகவே கணினியில் மாட்டுவதற்கு முன் தெரிந்தவரைக் கொண்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அதைத் தொடவே வேண்டாம், புதிய மாற்று வாங்குங்கள்.

ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ போன்றவற்றின் பவர் சப்ளைகள் சிலவற்றில் காகித மின்தேக்கிகள் உண்டு. வெடிப்பு விழுந்த உறை வழியே ஈரம் புகுந்திருந்தால், மின்சாரம் பாய்ந்ததும் அவை வெடித்துப் புகை கக்கும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கணினியைச் சோதிக்காமல் பிளக்கில் செருகாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியையும் பழைய குழாய்த் திரையையும் நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். புகை வந்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

1. கணினியின் மேல்மூடியைத் திறந்து மேசை விசிறியை வீசவிடுங்கள். கோளாறு தள்ளிப்போனால் காரணம் சூடுதான். பவர் சப்ளை தனியாக மூடிய பெட்டியில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

2. பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, சாக்கெட்டில் உள்ள சிப்புகளைச் சீராக அழுத்துங்கள். சூடேறி ஆறும் சுழற்சியில் அவை மெல்ல மேலெழும்பிவிடும். 1980-இல் வந்த ஆப்பிள் 3 இந்தக் குறையால் பெயர் கெட்டது.

3. ஒரே வகை நினைவகச் சிப்புகள் வரிசையாக இருந்தால், அவற்றில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பழுதானது அதுவே.

4. மின்தேக்கிகளின் ஆயுள் ஏறத்தாழ 10 பாகை சூடு கூடும்போது பாதியாகிறது. காற்றுத் துளைகளை மூடிவைக்காதீர்கள், நண்பகலில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். பழைய பொருளிடம் புதியதன் தரத்தை எதிர்பார்க்க முடியாது. அதன் விலையும் விற்பவர் சொன்ன விவரமும் சேர்த்தே தரம் எடைபோடப்படும். ஒரு குறையை விற்கும் முன்பே உங்களிடம் சுட்டிக்காட்டியிருந்தால் அதற்காகப் பின்னர் முறையிட முடியாது. பழுது பார்ப்பவரும் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் வேலை செய்யக் கடமைப்பட்டவர். “நாங்கள் பொறுப்பல்ல” என்று ரசீதில் அச்சிட்டுச் சட்டக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. வணிகம் செய்யாத தனிநபரிடம் வாங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

கடைக்காரர் செவிசாய்க்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடுங்கள். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்யவேண்டும். ரசீது, விளம்பரத்தின் படம், விற்பவருடன் பரிமாறிய குறுஞ்செய்திகள், கோளாறு காட்டும் காணொளி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

பேரம் பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவீர்களா? பவர் சப்ளையைச் சோதித்தீர்களா? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தை, 5 ரிங்கிட் கட்டி முறையிடத் தயங்கி யாரும் இழக்கவேண்டியதில்லை.