கடப்பா கல்லைக் கழற்றாதீர்கள்

வீடு நம் கையில் – 9

மேலே கிரானைட் மேடை, அதன் கீழே கடப்பா பலகைகளை நிறுத்திப் பிரித்த தட்டுகள், தலைக்கு மேல் ஒரு பரண். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் கட்டிய பல வீடுகளில் சமையலறை இப்படித்தான். "மாடுலர் கிச்சன் போடணும்" என்று போன் செய்தால், லேப்டாப்பில் வண்ணப் படங்களோடு ஒரு தம்பி வருவார். அளவெடுப்பார். "கீழே இருக்கிற கடப்பாவை எல்லாம் எடுத்துடலாம் சார்" என்பார். பட்ஜெட் கைமீறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கடப்பா தனியாக வராது. மேடையைத் தாங்குவதே அதுதான். அதை அசைத்தால் கிரானைட் விரிசல் விடும். பிறகு புது கிரானைட், அதை ஒட்டிய டைல்ஸ், சிங்க், குழாய் என்று வேலை நீளும். இடிபாடு அள்ள வண்டிக் கூலி வேறு. இத்தனையும் செய்து அங்கே வைக்கப்போவது ஒரு பிளைவுட் பெட்டி! கடப்பாவைக் கரையான் தொடாது. சிங்க் ஒழுகினாலும் ஊறாது. இட்லிக் கொப்பரையும் குக்கர்களும் அடுக்கினாலும் வளையாது.

எனவே கல்லை விட்டுவிட்டுக் கதவை மட்டும் போடுங்கள். கல்லில் கீல் பிடிக்காது. முன்பக்கம் மரச் சட்டமோ அலுமினியச் சட்டமோ அடித்து அதில் ஷட்டரை மாட்ட வேண்டும். பழைய கொத்தனார் வைத்த தட்டுகள் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்காது. ஒன்றை அளந்து எல்லாவற்றுக்கும் அதே அளவில் அறுத்தால் இடுக்கு விழும். ஒவ்வொரு வாயையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இழுப்பறை வேண்டுமா? ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் உள்ளே பெட்டி செய்து வைத்தால் போதும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிங்க் அடியில் மட்டும் அதுவும் வேண்டாம், அலுமினியமோ பிவிசியோ போதும். பார்ட்டிகிள் போர்டு விலை குறைவுதான், ஆனால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

மேடையை இடிக்க நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: உயரம். சமைப்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது என்றால் தாராளமாக இடியுங்கள். அளவு எடுக்கும்போது நிற்க வேண்டியவர் தினமும் சமைப்பவர், பணம் கொடுப்பவர் அல்ல.

இடம் சின்னது என்று சுவரை இடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 70 சதுர அடி! இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று கொண்டாடப்படுவது அதுதான்.

மிச்சமாகும் பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 2000 வாட் வரை இழுக்கும். அதோடு மைக்ரோவேவ், கிரைண்டர், மிக்ஸி. எல்லாவற்றையும் பழைய ஒற்றை வயரில் தொங்கவிடுவது ஆபத்து. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக்குகள் வையுங்கள். இதையும் குழாய் வேலையையும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். சிங்க்கை இடம் மாற்றாதீர்கள். கழிவுக் குழாய்க்கு வாட்டம் கிடைக்காவிட்டால் அடைப்பு ஓயாது. சிலிண்டரைக் கதவுக்குள் வைத்தால் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துளை கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

கொட்டேஷனில் 'சதுர அடி' என்று போட்டிருந்தால், அது கதவின் பரப்பா, பெட்டியின் பரப்பா என்று கேளுங்கள். கூடைகள், கீல், கைப்பிடி அதில் சேர்த்தியா என்பதையும் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன், கடப்பாவை எடுத்தால் எவ்வளவு, எடுக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டு கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள். இரண்டாவதைத் தர மறுக்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

(அடுத்த வாரம்: சிம்னி தேவையா, எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?)