உங்களுக்குத் தெரியுமா? இருட்டிலும் அளக்கலாம் கடல்பனியை!

வடதுருவத்தில் மாதக்கணக்கில் சூரியனே உதிப்பதில்லை, மேகமூட்டம் வேறு. ஆனாலும் ஆர்க்டிக் கடல்பனியின் பரப்பை நாள்தோறும் அளக்கிறார்கள். எப்படி? பனியும் கடல்நீரும் இயல்பாகவே மெல்லிய நுண்ணலைகளை வெளிவிடுகின்றன. நீரைவிடப் பனி அதிகமாக. 1978-இல் நாசா ஏவிய நிம்பஸ்-7 தொடங்கி, செயற்கைக்கோள்கள் இந்த வித்தியாசத்தைத்தான் படிக்கின்றன. கோடையில்தான் சிக்கல்: பனியின் மேல் உருகித் தேங்கும் நீர்க்குட்டைகள் கருவிக்குத் திறந்த கடலாகவே தெரியும்! அதையும் கணக்கில் கொண்டே ஆய்வாளர்கள் தரவைப் படிக்கிறார்கள்.

1980-களில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரிலோ 34 லட்சம்வரை சுருங்கியது. நெஞ்சு பதறவைக்கும் சரிவு இது. வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பும். அது விலகிய இடத்தில் கருநிறக் கடல்நீர் வெப்பத்தை விழுங்கி, மிச்சப் பனியையும் உருக்குகிறது.