பாதையை எங்கிருந்து எண்ணுவது?

சுலைமானி டீ ஆறுவதற்குள் புரிந்துவிடும் விஷயம்தான், தம்பி. நிதானமாகப் பார்ப்போம்.

வளைகுடா நிறுவனங்களின் இணையதளம் பெரும்பாலும் இருமொழியில் இருக்கும். ஆங்கிலப் பக்கங்களுக்கு ‘ஈஎன்’ என்று ஒரு ஃபோல்டர், அரபிக்கு ‘ஏஆர்’ என்று ஒன்று. இரண்டுக்கும் பொதுவான ஹெடர் ஃபைல் ‘காமன்’ ஃபோல்டரில், டேட்டாபேஸ் இணைப்பு ‘கான்ஃபிக்’ ஃபோல்டரில். பிஎச்பி பழகும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

டேட்டாபேஸ் ஃபைலைச் சேர்க்க, ஹெடர் ஃபைலில் ‘../கான்ஃபிக்’ என்று இன்க்ளூட் வரி எழுதுகிறாய். இரண்டு புள்ளிக்கு ‘ஒரு ஃபோல்டர் மேலே போ’ என்று பொருள். ஹெடர் இருக்கும் இடத்திலிருந்துதான் மேலே போகும் என்று நினைப்பாய். பிஎச்பி அப்படி எண்ணாது. நிரல் அந்த நேரம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ, அங்கிருந்து எண்ணும். இணையத்தில் அது பொதுவாக, முதலில் திறந்த பக்கத்தின் ஃபோல்டர். அதனால் ‘ஏஆர்’ பக்கத்தில் வரி வேலை செய்யும். இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே இருக்கும் முகப்புப் பக்கத்தில், தளத்துக்கே வெளியே போய்த் தேடும். ‘ஏஆர்’ உள்ளே ‘நியூஸ்’ ஃபோல்டரிலிருந்து அழைத்தால், ‘ஏஆர்’ உள்ளேயே ‘கான்ஃபிக்’கைத் தேடித் தோற்கும். குறித்த நேரத்தில் கிரான் தானாக ஓட்டும் இரவு வேலையில் தொடக்க இடமே வேறு.

“வலப்பக்கம் இரண்டாவது சந்து” என்று துபாய் தேராவில் வழி சொன்னால், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து வீடு மாறிவிடும். துபாய்க் கட்டட வாசலில் பதித்திருக்கும் 10 இலக்க மக்கானி எண்ணைச் சொன்னால், எங்கிருந்து கிளம்பினாலும் அந்த வாசலுக்கே வருவார்.

பிஎச்பியில் அந்த நிலையான முகவரியைத் தருவது, இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட ‘டிர்’. 2009இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. வரி எந்த ஃபைலில் எழுதப்பட்டதோ, அந்த ஃபைலின் ஃபோல்டரை முழுப் பாதையாகத் தரும். யார் அழைத்தாலும் மாறாது. அதன் முடிவில் சாய்கோடு வராது. அடுத்த துண்டை நீயே சாய்கோட்டில் தொடங்கு. தளத்தின் தலை ஃபோல்டரைச் சொல்லும் ‘டாக்குமென்ட் ரூட்’டை நம்பியும் எழுதலாம், ஆனால் கமாண்ட் லைனில் ஓட்டும்போது அதில் பாதை இருக்காது.

இன்னும் மூன்று சொல்கிறேன். டேட்டாபேஸ் ஃபைலை ‘ரிக்வயர்’ போட்டே சேர். இன்க்ளூட் எச்சரித்துவிட்டு மேலே ஓடும்; ரிக்வயர் அங்கேயே நிறுத்தும். ஃபைல் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வை. விண்டோஸ் லேப்டாப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் சர்வர் பார்க்காது. மூன்றாவதுதான் முக்கியம். முகவரிப் பட்டையில் வரும் மொழிக் குறியீட்டை அப்படியே பாதையில் ஒட்டாதே. ‘ஏஆர்’, ‘ஈஎன்’ இரண்டில் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே எடு. இல்லாவிட்டால், வெளியாள் ஒருவன் சர்வரின் ரகசிய ஃபைல்களைப் படிக்க நீயே வழி திறந்தவன் ஆவாய்.

இன்று கையில் இருக்கும் புராஜெக்டில் இரண்டு புள்ளியில் தொடங்கும் இன்க்ளூட் வரிகளைத் தேடு. ஒவ்வொன்றையும் ‘டிர்’ கொண்டு மாற்றி எழுது. உனக்குப் பின் அதைத் திறப்பவருக்கும் அது பெரிய உதவி.