பனிக்கட்டி விலகிய ஏரிக்கரையில்

நாள்காட்டிப்படி வசந்தம் மார்ச் 20ஆம் தேதியை ஒட்டிப் பிறந்துவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மேடிசன் நகரவாசிகள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. ஏப்ரல் மாதத்தில்கூட காலை வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே சாதாரணம். ஏரிக்காற்றும் சேர்ந்துகொண்டால் கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும். குளிர் என்றாலே நூலகக் குளிர்சாதனம்தான் என்று வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் மிதிவண்டி ஓட்டுவது கொஞ்சம் அதிகப்படியான ஆசை.

ஆனால், ஏரி விழித்தெழுவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அங்கே ஒரு பருவம் படித்தபோது, பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கி வாரயிறுதிகளில் ஏரிகளைச் சுற்றிவந்தேன்.

மெண்டோட்டா, மனோனா, வாபேசா, கெகொன்சா ஆகிய நான்கு ஏரிகளை யஹாரா ஆறு இணைக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் இவ்வட்டாரத்தை 'தெஜோப்', அதாவது 'நான்கு ஏரிகள்' என்று அழைக்கின்றனர். விங்ரா என்ற சின்ன ஏரியும் பக்கத்தில் உண்டு. மெண்டோட்டாவின் பரப்பளவு ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டர். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடிப் பழகிய கண்ணுக்கு அது கடல்தான்.

பல்கலைக்கழகத்தை ஒட்டி மெண்டோட்டா கரையோரமாகச் செல்லும் பாதையில் முதல் நிறுத்தம் ஒரு சதுப்புநிலம். ஒருகாலத்தில் நீரை வடித்து விளைநிலமாக்கப்பட்ட இடம் அது. 1918ஆம் ஆண்டுப் பட்டதாரிகளின் நன்கொடையால் பின்னர் மீண்டும் சதுப்புநிலமாக மாறியது. காய்ந்த சம்புத் தண்டுகளில் தொற்றிக்கொண்டு, சிவப்புத் தோள்பட்டை கொண்ட கரும்பறவைகள் கத்தித் தீர்க்கும். ஆண் பறவைகளே முதலில் வருகின்றன. பெண் பறவைகள் வருமுன் இடம் பிடித்துவிட வேண்டுமாம். நம் உணவங்காடிகளில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

நடைபயிற்சியை விட வேகம், காரை விட அமைதி என்பதால் மிதிவண்டி இதற்கு நல்ல துணை. சத்தம் கேட்ட இடத்தில் காலை ஊன்றி நின்றுவிடலாம். அப்படி நின்ற ஓரிடத்தில், விழுந்து கிடந்த மரத்தின்மீது ஏழெட்டு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஓட்டின் ஓரத்திலும் கழுத்திலும் சிவப்பு, மஞ்சள் கோடுகள் போட்ட 'பெயிண்டட்' வகை ஆமைகள். குளிர்காலம் முழுவதையும் அவை பனிக்கட்டிக்கு அடியில், ஏரியின் அடித்தளத்தில் கழிக்கின்றன. மேலே வந்து மூச்சு விட வழியில்லை. ஆக்சிஜன் இல்லாமல் உடல் இயங்கும்போது லாக்டிக் அமிலம் சேரும். அந்த அமிலத்தை ஆமையின் ஓட்டிலுள்ள தாதுப்பொருள்கள் ஈடுகட்டிவிடுகின்றன. மாதக்கணக்கில் அப்படி இருந்துவிட்டு வந்த பிறகு, என்னைக் கண்டு தண்ணீருக்குள் குதிக்கக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை.

விங்ரா ஏரியை ஒட்டிய காட்டில் வான்கோழிகள் சாலையின் நடுவில் நிற்கும். மணி அடித்தாலும் நகர்வதில்லை. அவற்றின் கதை தெரிந்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. வேட்டையாலும் காடழிப்பாலும் இம்மாநிலத்திலிருந்தே காட்டு வான்கோழி இல்லாமல் போயிருந்தது. 1976ல் மிசூரி மாநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளிலிருந்துதான் இப்போதைய கூட்டம் பெருகியது.

லூன் எனும் நீர்மூழ்கிப் பறவையை மனோனா ஏரியில் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. வடக்கே செல்லும் வழியில் சில நாள் தங்கிப் போகும். கனமான உடல் என்பதால், வானில் எழும்ப அதற்கு நீண்ட நீர்ப்பரப்பு தேவை. அதனால் பனிக்கட்டி உருகும் நாளைப் பொறுத்தே அதன் பயணம் அமைகிறது.

அந்த நாளை மேடிசன் மக்கள் 1850களிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மெண்டோட்டாவில் பிக்னிக் முனையிலிருந்து எதிரே உள்ள மேப்பிள் பிளஃப் வரை படகு ஓட்ட முடிந்தால் பனிக்கட்டி விலகிவிட்டதாகக் கணக்கு. கருவி எதுவும் வேண்டாத அளவுகோல் அது! 1880-81 குளிர்காலத்தில் ஏரி 161 நாள் உறைந்து கிடந்தது. 2001-02ல் 21 நாள் மட்டுமே. எல்லா ஆண்டும் இப்படிக் குறைவதில்லை, ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுப் போக்கைப் பார்த்தால், ஏரி உறைந்திருக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதம் சுருங்கிவிட்டது.

இப்படி எழுதி வைக்கும் பழக்கத்துக்குப் பெயர்போன இன்னொருவர், இங்குப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட். எந்தப் பூ எப்போது மலர்ந்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று 1930, 40களில் குறித்து வந்தார். அவருடைய மகள் நீனா 1976 முதல் அதே வேலையைத் தொடர்ந்தார். 55 இயற்கை நிகழ்வுகளின் தேதிகளை ஒப்பிட்ட ஆய்வு 1999ல் வெளிவந்தது. வசந்தத்தின் அடையாளங்கள் பலவும் முன்னைவிடச் சீக்கிரம் வருவதாக அது காட்டியது. பருவநிலை மாற்றம் பற்றிப் பள்ளியில் நான் படித்த வரைபடங்களை விட இந்தத் தேதிப் பட்டியல் எனக்கு நெருக்கமாகப்பட்டது. வரைபடத்தில் வாதம் இருக்கிறது, பட்டியலில் ஆமையும் லூனும் இருக்கின்றன.

லியோபோல்ட் கவலைப்பட்ட பறவை ஒன்று உண்டு. நெற்றியில் சிவப்புத் திட்டு உள்ள, ஆள் இடுப்பைத் தாண்டும் உயரமான சாண்ட்ஹில் கொக்கு. 1930களில் விஸ்கான்சினில் இருபத்தைந்து ஜோடிதான் மிஞ்சியிருக்கும் என்று கணித்தார்கள். சதுப்புநிலங்கள் காப்பாற்றப்பட்டதும் வேட்டை தடுக்கப்பட்டதும் அவற்றை மீட்டன. இன்று பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. மேடிசனுக்கு வடக்கே பராபூவில் உள்ள அனைத்துலகக் கொக்கு அறநிறுவனம் ஆண்டுதோறும் ஏப்ரலில் கணக்கெடுப்பு நடத்துகிறது. தொண்டூழியர்கள் விடியற்காலையில் சதுப்புநில ஓரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் குறிக்க வேண்டும். நானும் பெயர் கொடுத்தேன்.

அன்று புல் முழுக்க வெள்ளை உறைபனி. பேனா மை உறைந்து எழுதாது என்று பென்சில் கொண்டுவரச் சொன்னார்கள். மூடுபனிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல், உடனே பதிலாக இன்னொன்று. ஆண் ஒருமுறை கத்தினால் பெண் இருமுறை கத்தும் என்று பக்கத்தில் நின்ற பாட்டி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். சற்று நேரத்தில் பனி விலகி இரண்டும் தெரிந்தன. படிவத்தில் நேரத்தை எழுதி, 'ஒரு ஜோடி' என்று குறித்தேன்.