காற்று நின்றால் காரும் நிற்க வேண்டுமா?

ஏ.சி. விசிறி மோட்டாரை நாமே மாற்றும் வழி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆற்றுக்கால் பொங்காலைக்கான மண்பானைகள் குவியத் தொடங்கிவிட்டால், வெயில் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். சுமை தூக்குவோரும், லாரிகளும், காய்கறி மூட்டைகளும், சாமான் வாங்க வந்தவர்களும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் ஒரு கார் சிக்கிக்கொண்டால், அரை மணி நேரத்துக்கு முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருப்பவருக்கு அப்போது ஏ.சி. நின்றுபோனால், அடுப்பின் மேல் வைத்த பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான்.

வாடகைக் கார் ஓட்டும் நம்மவர் ஒருவருக்கு இந்த நிலைமை நேர்ந்தால், சவாரி ஏறியவர் பாதி வழியில் இறங்கிவிடுவார். அன்றைய வருமானமும் அவரோடு இறங்கிவிடும். அதன்பின் மெக்கானிக்கிடம் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, ஏ.சி. வேலை செய்யல்ல. கேஸ் போயிட்டுன்னு சொல்லுதாங்க."

"குளிர் இல்லையா, காத்தே இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க தம்பி."

"காத்தே வரல்ல அண்ணாச்சி."

"காத்தே வரல்லன்னா கேஸைப் பத்தி ஏன் பேசுதீய?"

இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் விலை மதிப்புள்ள கேள்வி. இதைக் கேட்கத் தெரியாமல் கேஸ் நிரப்பி, பணத்தையும் கொடுத்து, காற்று வராத காரோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. குளிர் வேறு, காற்று வேறு என்ற ஒரு விஷயம் தெளிவானால், வீண் செலவில் பாதி நின்றுவிடும்.

காற்று வேறு, குளிர் வேறு

காரின் முன்புறம், எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சுற்றி வரச் செய்கிறது. அந்தக் கேஸ், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலைச் சில்லிடச் செய்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் குளிரை நம் முகத்துக்குக் கொண்டு வருவது கேஸ் அல்ல. காயிலின் மேல் காற்றை வீசித் தள்ளும் ஒரு சின்ன விசிறி. அதைச் சுழற்றுவதே புளோயர் மோட்டார்.

ஹீட்டருக்கும் இதே விசிறிதான். எஞ்சினில் சூடான தண்ணீர் ஓடும் சிறு ரேடியேட்டர் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். காற்றை அதன் வழியாகத் திருப்பினால் வெப்பம், கூலிங் காயில் வழியாகத் திருப்பினால் குளிர். திருவனந்தபுரத்தில் ஹீட்டர் தேவையில்லைதான். மூணாறுக்கோ ஊட்டிக்கோ சவாரி போனால் தேவைப்படும். விசிறி நின்றால் வெப்பம், குளிர் இரண்டும் ஒன்றாகவே நின்றுவிடும்.

காருக்குள் வெளிக்காற்றைச் சூடாக்கி அனுப்பும் முறையை அமெரிக்காவின் நாஷ் கம்பெனி 1938ஆம் ஆண்டு மாடலில் கொண்டுவந்தது. மறு வருடமே பேக்கார்டு கம்பெனி தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திய காரை அறிமுகம் செய்தது. அந்தக் காரில் கம்ப்ரசரை நிறுத்த உள்ளே சுவிட்சு கிடையாது. ஏ.சி. வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டன. ஆனால் காற்றைத் தள்ள ஒரு மோட்டாரும், ஓர் உருளை விசிறியும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

நோய் எது என்று காண்பது

மோட்டாரை வாங்க ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்று நன்றாக வருகிறது, குளிர் இல்லை என்றால் குற்றம் கேஸிலோ, கம்ப்ரசரிலோ இருக்கலாம். விசிறி மோட்டாரின் மேல் பழி இல்லை. அது ஏ.சி. மெக்கானிக்கின் வேலை.

காற்று குறைவாக வருகிறது, ஆனால் விசிறி ஓடும் சத்தம் பலமாகக் கேட்கிறது என்றால், தூசி வடிகட்டி அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உச்ச வேகத்தில் மட்டும் காற்று வருகிறது, மற்ற வேகங்களில் இல்லை என்றால், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரணச் சுவிட்சு உள்ள கார்களில், குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். உச்ச வேகத்துக்கு மட்டும் நேரே போகும். எனவே மாற்ற வேண்டியது அந்தச் சிறு ரெசிஸ்டரை.

டக் டக் என்று சத்தம் வந்தால் விசிறிக்குள் சருகோ, காகிதமோ விழுந்திருக்கும். கிரீச் என்று தேய்ந்த சத்தம் வந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. நின்றுபோன மோட்டாரைக் கையால் தட்டினால் ஓடத் தொடங்குகிறது என்றால், உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது. இது நாளை மறுபடியும் நிற்கும்.

எந்த வேகத்திலும் காற்று இல்லை என்றால், முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பொருத்திய டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு, மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருகி, சுவிட்சை உச்ச வேகத்தில் வைத்து, கப்ளரின் இரண்டு முனைகளிலும் தொட வேண்டும். பல்பு நன்றாக எரிந்தால், மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் ஓடவில்லை என்று பொருள். எரியாவிட்டால் குற்றம் ரிலேயிலோ, சுவிட்சிலோ, வயரிலோ இருக்கிறது. புது மோட்டார் வாங்கினாலும் பயனில்லை.

பியூஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உச்ச வேகத்தில் மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டுக்கு அது 180 வாட். வீட்டுக் கூரையில் ஓடும் பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். அதாவது, இரண்டு விசிறிகளுக்கு மேற்பட்ட சக்தி அந்த மெல்லிய வயரில் ஓடுகிறது. போன பியூஸுக்குப் பதில் பெரிய பியூஸோ, செப்புக் கம்பியோ போட்டால், அடுத்துப் போவது பியூஸாக இராது, வயராக இருக்கும். அப்புறம் தீதான்.

சாமான் வாங்கும்போது

18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைச் சந்தை, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் வரை நீள்கிறது. திருப்புளி, ஸ்பானர், டெஸ்ட் லேம்பு செய்யத் தேவையான பல்பு, ஹோல்டர், வயர் ஆகியவற்றை இந்தத் தெருவின் இரும்பு, மின்சாமான் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். தமிழில் கேட்டு வாங்கலாம் என்பது நம்மவர்களுக்கு இன்னொரு சௌகரியம்.

மோட்டார் வாங்க உதிரிப்பாகக் கடைக்குப் போகும்போது, பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோவதே புத்திசாலித்தனம். காரின் பெயரும் வருடமும் மட்டும் சொன்னால் போதாது. விசிறியின் அகலம், உயரம், ஸ்குரூ போடும் காதுகளின் இடம், கப்ளரின் வடிவம், மோட்டார் சுழலும் திசை ஆகிய ஐந்தும் ஒத்திருக்க வேண்டும். திசை மாறிய மோட்டார் நன்றாகச் சுழலும். காற்று மட்டும் சரியாக வராது. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

மாற்றும் முறை

நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த மோட்டார், இடது பக்கத்து முன்சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள சாமான் பெட்டிக்குப் பின்னாலோ, அதன் அடியிலோ இருக்கும்.

முதலில் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பல கார்களில் இதற்கு 10 எம்.எம். ஸ்பானர் போதும். காற்றுப்பை உள்ள கார் என்றால், அதன்பின் பத்து நிமிடமாவது கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயமாகிவிட்டது. பக்கத்துச் சீட்டுக்கான காற்றுப்பை, நாம் கை விடப்போகும் பெட்டிக்கு மேலேயே இருக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் அதற்கு உரியவை. அவற்றை இழுக்கவோ, டெஸ்ட் லேம்பால் தொடவோ கூடாது.

பிறகு சாமான் பெட்டியைக் கழற்ற வேண்டும். சில கார்களில் இரு பக்கமும் உள்பக்கமாக அழுத்தினால் இறங்கிவிடும். சிலவற்றில் ஸ்குரூ இருக்கும். உள்ளே வட்டமான பிளாஸ்டிக் மூடியோடு மோட்டார் தெரியும். கப்ளரின் பூட்டை விரலால் அழுத்தி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மோட்டாரைக் குளிர்விக்க ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருந்தால் அதையும் கழற்றிக்கொள்ள வேண்டும்.

இனி மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். கடைசி ஸ்குரூவைக் கழற்றும்போது மற்றொரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது காலில் விழும். மோட்டார் கீழே இறங்கியதும், அது இருந்த கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தால் சருகும், தூசியும், சில சமயம் எலி சேர்த்த பஞ்சும் கிடைக்கும். அவற்றைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். கப்ளர் கருகி உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கருகிய கப்ளரில் புது மோட்டாரை மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும்.

புது மோட்டாரை ஏற்றியதும் விசிறி எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்து, ஸ்குரூக்களைச் சமமாக முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்பதால் அதிக பலம் கூடாது. ரப்பர்க் குழாயையும் கப்ளரையும் மாட்டி, பாட்டரியை இணைத்து, எல்லா வேகத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே சாமான் பெட்டியை மூட வேண்டும். கை பழகாதவருக்கும் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

தொடக்கூடாதவை

எல்லா வேலையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. சில கார்களில் மோட்டாரை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. கேஸ் குழாய்களின் நட்டுகளில் ஸ்பானரே வைக்கக் கூடாது. அழுத்தத்தோடு வெளியேறும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

மழையில் உயிர் காக்கும் விசிறி

"ஏ.சி. இல்லாவிட்டால் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போகலாமே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்கலாம். வெயிலில் அது சரி. மழையில்?

சனிக்கிழமை அலுவலகம் விட்டதும், வாங்கிய பழைய காரில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்படும் குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கலாம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று போகும் அந்த வழியில் இடவப்பாதி மழையோ, துலாவர்ஷமோ பிடித்துக்கொண்டால் கண்ணாடிகளை ஏற்றியே ஆக வேண்டும். உள்ளே ஐந்து பேர் விடும் மூச்சின் ஈரம், மழையில் குளிர்ந்த முன் கண்ணாடியில் போய்ப் பனிபோல் படியும். இரவு, எதிரே பஸ்ஸின் விளக்கு, கண்ணாடி முழுதும் வெண்மை. கைத்துணியால் ஒரு கையில் துடைத்துக்கொண்டு மறு கையில் ஓட்டுவது எத்தனை ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போது செய்ய வேண்டியது, விசிறியை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைப்பதுதான். ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடும். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான். உலர்ந்த காற்று பட்டதும் கண்ணாடி சில நிமிடங்களில் தெளியும். அதற்கு மாறாக, கண்ணாடியின் வெளிப்புறம் பனி படர்ந்தால், உள்ளே குளிர் அதிகம் என்று பொருள். குளிரைக் குறைத்து வைப்பரைப் போட்டால் போதும். ஆனால் விசிறி மோட்டார் ஓடாத காரில் உள்பனியை விரட்ட இந்த வழி இல்லை.

எனவே மழைக்கு முன் ஒருமுறை முன் கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த சருகுகளை வாரிவிடுவதும், தூசி வடிகட்டியை வருடம் ஒருமுறையாவது மாற்றுவதும், சத்தம் போடும் மோட்டாரை நிற்கும் வரை விட்டுவைக்காமல் இருப்பதும் அவசியம். மரத்தடியில் காரை நிறுத்துவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை காற்று நின்றால், பர்சை எடுப்பதற்கு முன் அந்த அண்ணாச்சியின் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்: "குளிர் இல்லையா, காத்தே இல்லையா?" பதில் தெரிந்தவருக்கு ஒரு திருப்புளியும், ஒரு பல்பும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.